வால்வு ஆம்ப் அலறுகிறதா? ஸ்பீக்கர், அட்டெனுவேட்டர் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

வால்வு ஆம்ப், அதாவது வெற்றிடக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப், வைத்திருப்பவர்களின் புலம்பல் அநேகமாக ஒன்றுதான்: நல்ல ஒலி பிறக்கும் இடத்தைக் காது தாங்கவில்லை, காது தாங்கும் இடத்தில் நல்ல ஒலி பிறக்கவில்லை. உடனே அட்டெனுவேட்டரை, அதாவது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று சத்தத்தைக் குறைக்கும் பெட்டியை, தேடிப் போகிறார்கள். அது நல்ல கருவிதான். ஆனால் பலருக்கு அதைவிட முன்னதாகத் தேவைப்படுவது உணர்திறன் குறைந்த ஒரு ஸ்பீக்கர், அல்லது இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் போடுவது, அல்லது வெறுமனே ஆம்பைத் தரையிலிருந்து தூக்கிச் சாய்த்து வைப்பது. எனவே பணத்தை எடுக்குமுன் அறிகுறியைப் பார்ப்போம்.

அதற்கும் முன் ஒரு கட்டளை. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான சுமையோ இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஷார்ட் ஆவது ஆபத்து; வால்வு ஆம்புக்கு இணைப்பு அறுந்து கிடப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சுமை இல்லாத நிலையில் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும், வால்வு சாக்கெட்டில் தீப்பொறி பாயும். டிரான்ஸ்ஃபார்மரின் உள் காப்பு துளைபட்டுவிட்டால் பிறகு அதையே மாற்ற வேண்டியதுதான். கீழே கேபிளைக் கழற்றச் சொல்லும் இடங்களில் எல்லாம் ஆம்ப் முழுதாக அணைந்திருக்க வேண்டும். ஆம்பின் உட்பெட்டியைத் திறக்கும் வேலை எதையும் இங்கே சொல்லவில்லை. அதன் கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

வால்யூம் 1-ல் ஒன்றுமே இல்லை, 2-ல் சுவர் அதிர்கிறது

இது பெரும்பாலும் சக்தியின் குற்றம் அல்ல. முன்நிலையில் (கிட்டாரின் ஒலியை முதலில் பெருக்கும் பகுதி) பெருக்கம் அதிகமாக இருப்பதும், வால்யூம் குமிழின் தொடக்கச் சுற்று செங்குத்தாக ஏறுவதும்தான் காரணம். கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கிப் பாருங்கள். ஆம்பின் குமிழ் திடீரென்று பழகிய ஆளாகிவிட்டால் காரணம் புரிந்துவிட்டது.

முதல் முன்நிலை வால்வு 12ஏஎக்ஸ்7 என்றால் அதன் பெருக்கக் காரணி 100. அதே இடத்தில் பொருந்தும் 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44 அளவில். ஆம்பை அணைத்து, வால்வு ஆறிய பின் ஒன்றை மாற்றினால் போதும். குமிழின் பயன்படும் தூரம் கணிசமாக நீளும். எஃபெக்ட் லூப் (முன்நிலைக்கும் பவர் நிலைக்கும் நடுவே பெடல்களை இணைக்கும் வழி) உள்ள ஆம்பாக இருந்தால் லூப்பில் ஒரு வால்யூம் பெடலை வைப்பது இதைவிட எளிது. அது மாஸ்டர் வால்யூம் போலவே வேலை செய்யும்.

இங்கேயே ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்: நீங்கள் விரும்பும் கரகரப்பு எந்த நிலையில் பிறக்கிறது? மார்ஷல் ஜேசிஎம்800 2203 போன்ற மாஸ்டர் வால்யூம் ஆம்ப்களில் பெரும்பகுதி முன்நிலையிலேயே பிறக்கிறது. மாஸ்டரைக் குறைத்தாலும் பெரும்பாலும் தங்கும். மார்ஷல் 1959 சூப்பர் லீடில் மாஸ்டரே கிடையாது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள் திணறினால்தான் அதன் உண்மையான குரல் வெளிவரும். அட்டெனுவேட்டர் இரண்டாம் வகைக்காரருக்கான கருவி. முதல் வகைக்காரர் அதை வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடுவார்.

வாட்டைக் குறைத்தும் சத்தம் குறையவில்லை

100 வாட்டை விற்று 50 வாட் வாங்கியவர்களும், பாதிச் சக்தி சுவிட்சைத் தட்டியவர்களும் சொல்லும் புகார் இது. சக்தி பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குப் "பாதிச் சத்தம்" என்று படுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும்; அதாவது சக்தி பத்தில் ஒரு பங்காக வேண்டும். 50 வாட் ஆம்புக்கும் 5 வாட் ஆம்புக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

கணக்கைத் தரையில் இறக்கிப் பார்ப்போம். 100 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் எழுப்பும். ஒரே ஒரு வாட்டுக்கு! 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. 85 டெசிபலுக்கு அது 8 மணி நேரம். ஆகவே 100 வாட் ஆம்பில் அட்டெனுவேட்டரைப் போட்டு 20 டெசிபல் வெட்டினாலும் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போகிறது, இன்னும் 100 டெசிபல் வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "அட்டெனுவேட்டர் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

நான்கு பவர் வால்வு ஆம்பில் இரண்டைக் கழற்றி விடும் பழைய தந்திரமும் இதே 3 டெசிபல்தான். புஷ்-புல் ஆம்பில் (பவர் வால்வுகள் இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி உழைக்கும் வகை) ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்று என்ற கணக்கில் கழற்ற வேண்டும், இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்மறுப்பு) சுவிட்சையும் கேபினெட்டின், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின், பாதி மதிப்புக்கு மாற்ற வேண்டும்: 16 ஓம் கேபினெட் என்றால் சுவிட்ச் 8-ல். உழைப்புக்கு ஏற்ற பலன் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே 3 டெசிபலை ஸ்பீக்கரிலிருந்து எடுக்கலாம் என்பதுதான் பலர் கவனிக்காதது. செலெஸ்டியன் விண்டேஜ் 30-ன் உணர்திறன் 100 டெசிபல். ஜி12எம் கிரீன்பேக் 98. ஜி12டி-75, ஜி12எம்-65 கிரீம்பேக் இரண்டும் 97. விண்டேஜ் 30-ஐக் கழற்றி 97-ஐப் போட்டால், ஆம்பின் வாட்டைப் பாதியாக்கியதற்குச் சமம். வால்வு ஆம்பின் குணமோ அப்படியே இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் கேபினெட்டிலிருந்து ஒற்றை ஸ்பீக்கருக்கு வந்தால் மேலும் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். எமினென்ஸ் நிறுவனம் காந்தப் புலத்தையே குமிழ் கொண்டு தளர்த்தும் ஸ்பீக்கர்களையும் செய்திருக்கிறது. மேவரிக், ரெய்ன்மேக்கர் ஆகியவை சுமார் 9 டெசிபல் வரை இறங்கும். இவையெல்லாம் சேர்ந்தால் அட்டெனுவேட்டர் செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் வாட், சத்தத்தின் அளவு அல்ல. அது எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதன் அளவு. 15 வாட் செலெஸ்டியன் புளூவின் உணர்திறனும் 100 டெசிபல்தான். "சின்ன வாட் ஸ்பீக்கர் போட்டேன், சத்தம் குறையும்" என்ற நினைப்பு, சத்தத்தைக் குறைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் எரிக்கும்.

அட்டெனுவேட்டர் போட்டதும் கம்பளியைப் போர்த்தியது போல் ஒலிக்கிறது

அதிகம் கேட்கப்படும் புகாரும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுவே. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் தீர்வு கிடைக்கும்.

முதலாவது உங்கள் காது. ஒலி குறையும்போது மனிதக் காது கீழ்ச்சுருதிகளை மிக வேகமாகவும், உச்சச் சுருதிகளை ஓரளவும் இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதையே சொல்கின்றன. இதற்கு எந்த அட்டெனுவேட்டரும் பொறுப்பல்ல. சோதனை எளிது: அட்டெனுவேட்டர் இல்லாமல் உரக்க வாசித்ததை மைக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு அட்டெனுவேட்டருடன் வாசித்து இன்னொரு பதிவு. இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் மாறி மாறி ஓட்டிக் கேளுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் குறை பெட்டியில் இல்லை. ஆம்பின் பாஸையும் டிரெபிளையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

வித்தியாசம் மறையவில்லை என்றால் இரண்டாவது காரணத்துக்கு வர வேண்டும். "8 ஓம்" என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓம் அல்ல. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரின் அதிர்வு உச்சம் 75 முதல் 110 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அங்கே இம்பீடன்ஸ் பல மடங்காக உயரும். சில நூறு ஹெர்ட்ஸில் அடிமட்டத்தைத் தொட்டு, மேலே போகப் போக கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் தூண்டல் காரணமாக மறுபடி ஏறும். வால்வு ஆம்ப் ஸ்பீக்கரை இறுகப் பிடித்து ஆள்வதில்லை. இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் மின்னழுத்தத்தையும் கூட்டிக் கொடுக்கும். நாம் விரும்பும் அடிவயிற்று முழக்கத்துக்கும் மேலேயுள்ள மினுக்கத்துக்கும் இந்தச் சண்டையில் பெரிய பங்கு உண்டு. வோக்ஸ் ஏசி30 போல எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி ஆம்பைக் கட்டுப்படுத்தும் முறை) இல்லாத ஆம்ப்களில் இது இன்னும் தூக்கலாகத் தெரியும்.

வெறும் மின்தடையால் ஆன அட்டெனுவேட்டரை நடுவில் வைத்தால் ஆம்புக்குத் தெரிவது சமதளமான ஒரு தடை மட்டுமே. மேடும் பள்ளமும் போய்விடுகின்றன, ஒலியும் தட்டையாகிறது. எவ்வளவு ஆழமாக வெட்டுகிறோமோ அவ்வளவு தட்டை. 3 முதல் 8 டெசிபல் வரை வெட்டுவதற்கு எல்-பேடு (மின்தடைகளால் ஆன எளிய குறைப்பான்) போன்ற பெட்டி தாராளமாகப் போதும். 12-ஐத் தாண்டினால் அதன் பலவீனம் வெளிப்படும். அங்கே ரியாக்டிவ் வகைக்கு மாறுங்கள். அதில் தடையோடு சுருளும் கண்டன்சரும் சேர்ந்து ஸ்பீக்கரின் மேடுபள்ளத்தைப் போலிசெய்யும். வெபர் மாஸ் என்ற அட்டெனுவேட்டர் இன்னும் நேரடியானது: கூம்பு இல்லாத ஓர் உண்மையான ஸ்பீக்கர் மோட்டாரையே உள்ளே வைத்திருக்கிறது. பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரும் பொறியாளருமான டாம் ஷோல்ஸ் 1980 வாக்கில் கொண்டுவந்த பவர் சோக் தடை வகையைச் சேர்ந்தது. இன்றைய பெட்டிகளோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்வதில் பொருளில்லை. தன் காலத்தில் அது பெரிய விடுதலை.

மூன்றாவது காரணம் ஸ்பீக்கர். உரத்த ஒலியில் அதன் கூம்பு தானும் வளைந்து, நசுங்கி, ஒலிக்கு நிறம் சேர்க்கும். அரை வாட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். எந்த அட்டெனுவேட்டராலும் இதைத் திருப்பித் தர முடியாது. சாதாரணப் பேச்சளவு சத்தத்தில் முழுத் திணறல் ஒலி வேண்டும் என்பவர்கள் 30 டெசிபலுக்கு மேல் வெட்ட நேரும். அவர்களுக்கு என் யோசனை: ரியாக்டிவ் சுமைப் பெட்டியில் ஆம்பை இறக்கி, கேபினெட் பதிவுகள் (கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த கோப்புகள்) வழியாக ஹெட்ஃபோனிலோ மானிட்டரிலோ கேளுங்கள். டூ நோட்ஸ் டார்பிடோ கேப்டர், யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸ் எல்லாம் இந்த வகை. அறையில் உண்மையான ஸ்பீக்கரே வேண்டும் என்றால், சுமையில் இறக்கிய ஒலியை மறுபடி ஓர் ஆம்பால் பெருக்கித் தரும் ஃபிரையட் பவர் ஸ்டேஷன் போன்றவை.

அட்டெனுவேட்டர் தொட முடியாமல் கொதிக்கிறது

சூடாவது அதன் தொழில். ஸ்பீக்கருக்குப் போகாத சக்தி அங்கே வெப்பமாகத்தான் மாறியாக வேண்டும். கவலைப்பட வேண்டியது வாசனை வரும்போதும், பெயின்ட் நிறம் மாறும்போதும்.

ஆம்பின் பெயர்ப்பலகை வாட், ஒலி தெளிவாக இருக்கும் எல்லையைத்தான் சொல்கிறது. முழுதாகத் திருகி ஒலி சதுர அலையாக நசுங்கும்போது 50 வாட் ஆம்ப் 80, 90 வாட்டைக்கூடத் தள்ளும். அதனால் ஆம்பின் வாட்டைப் போல் இரு மடங்கு தாங்கும் அட்டெனுவேட்டரே பாதுகாப்பு. பேனலில் பொருத்தும் எல்-பேடுகளின் மேல் அச்சிட்ட எண்ணை நான் பாதியாகவே எடுத்துக்கொள்வேன். அவற்றின் உள்ளே தடைக்கம்பி மேல் நகரும் தொடுமுனை தூக்கிக்கொண்டால் ஆம்ப் சுமையின்றி நிற்கும் என்பதால், கரகரக்கத் தொடங்கிய எல்-பேடைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

பெட்டியை ஆம்பின் மேல், வால்வுகள் விடும் அனலுக்கு நேரே வைக்காதீர்கள். கம்பளத்தின் மேலும் வைக்காதீர்கள்.

வாசிக்கும்போதே ஒலி விட்டு விட்டு வருகிறது, அல்லது சட்டென்று நின்றுவிட்டது

உடனே ஆம்பை அணையுங்கள். "ஒருமுறை இன்னும் ஓங்கி வாசித்துப் பார்க்கலாம்" என்பதுதான் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்லும் வாக்கியம்.

முதல் சந்தேகம் கேபிள். ஆம்பிலிருந்து அட்டெனுவேட்டருக்கும் அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளுக்கும் அதே பிளக் இருப்பதால் மாறிப்போவது மிகச் சுலபம்; ஆனால் அதன் நடுக்கம்பி மெல்லியது, பவர் மின்னோட்டத்தில் சூடேறி உருகக்கூடும். பிறகு மல்டிமீட்டர். கேபினெட் கேபிளை ஆம்பு முனையில் கழற்றி, பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். நேர்மின் தடை எப்போதும் எழுதிய எண்ணைவிடக் குறைவாகவே காட்டும்: 4 ஓமுக்கு 3 முதல் 3.5 வரை, 8 ஓமுக்கு 6 முதல் 7 வரை, 16 ஓமுக்கு 11 முதல் 13 வரை. எண்ணே வராவிட்டால் வாய்ஸ் காயில் எரிந்திருக்கிறது அல்லது எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது. கேபிளை ஆட்டும்போது எண் தாவினால் குற்றவாளி கேபிளே.

அளந்த கையோடு மூன்று எண்களைப் பொருத்திப் பாருங்கள்: ஆம்பின் சுவிட்ச், அட்டெனுவேட்டரின் உள்ளீடு, கேபினெட். மூன்றும் ஒன்றாக இருப்பதே முறை. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இணையாகச் சேர்ந்தால் 4, தொடராகச் சேர்ந்தால் 16. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 8 ஓம் எதிர்பார்க்கிறது, டுவின் ரிவெர்ப் 4 ஓம். நண்பரின் அட்டெனுவேட்டரைக் கடன் வாங்குமுன் அது எத்தனை ஓமுக்குச் செய்தது என்று கேளுங்கள், சில மாதிரிகள் ஒரே மதிப்புக்கு மட்டும் செய்யப்படுபவை.

புதிய ஸ்பீக்கர் காதைக் குத்துகிறது

புதிய கூம்பின் விளிம்பு விறைப்பாக இருக்கும். பல மணி நேரம் நல்ல சத்தத்தில் வாசித்தால் கொஞ்சம் இளகும். ஆனால் இதை எல்லாவற்றுக்கும் சமாதானமாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. குணம் மாறாது, முனை மழுங்கும், அவ்வளவுதான். விண்டேஜ் 30-ன் மேல்-நடுச்சுருதித் தூக்கல் எத்தனை மணி நேரம் வாசித்தாலும் மறையாது. பிடிக்காவிட்டால் மாற்றுவதே வழி.

மாற்றுமுன் எங்கே நின்று கேட்கிறீர்கள் என்று பாருங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் உச்சச் சுருதிகளை ஒளிக்கற்றை மாதிரி நேர்முன்னே குவிக்கிறது. ஆம்ப் தரையில், உங்கள் முழங்காலை நோக்கிப் பாடுகிறது. நீங்கள் மந்தமாக இருக்கிறதென்று டிரெபிளை ஏற்றுகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது வலிக்கிறது. ஆம்பைச் சாய்த்து உங்கள் தலையை நோக்கச் செய்தால் டிரெபிளையும் வால்யூமையும் நீங்களே குறைப்பீர்கள்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தும் அடிச்சுருதி இல்லை

ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுக்கிறது. ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் நேர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையையும், எதிர் முனையில் எதிர்முனையையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள்; கூம்பு வெளியே நகர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ். பொருந்தாத ஒன்றின் கம்பிகளை இடம் மாற்றினால் முடிந்தது.

இரண்டு வெவ்வேறு ஸ்பீக்கர்களைக் கலந்துவிட்டு "ஒன்றுதான் கேட்கிறது" என்பவர்கள் உணர்திறனைப் பார்க்கவில்லை. 100-ம் 97-ம் ஒரே கேபினெட்டில் இருந்தால் 100 பேசும், 97 தலையாட்டும். ஒரு டெசிபல் இடைவெளிக்குள் இருக்கும் ஜோடியைத் தேடுங்கள்.

தடித்த தந்தியில் ஒலி சிதறுகிறது, உராய்கிறது

கேபினெட்டின் திருகுகளையும் ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் திருகுகளையும் முதலில் இறுக்குங்கள். பாதி நேரம் அதுதான். பிறகு கூம்பின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி மெதுவாக, நேராக அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை வந்தால் வாய்ஸ் காயில் கோணியிருக்கிறது. அதற்குக் கூம்பை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

உரசல் இல்லை, ஓங்கி வாசிக்கும்போது மட்டும் அடிச்சுருதி குழைகிறது என்றால் ஸ்பீக்கர் தன் எல்லையில் நிற்கிறது. ஒற்றை 25 வாட் கிரீன்பேக்கை 50 வாட் ஆம்புடன் இணைத்தவர்களுக்கு இது நடக்கும். ஒற்றை ஸ்பீக்கருக்கு ஆம்பின் இரு மடங்கு வாட் இருப்பது நிம்மதி. அட்டெனுவேட்டர் நடுவில் இருப்பதால் சின்ன ஸ்பீக்கர் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான், யாரோ ஒருவர் அதன் குமிழை முழுதாகத் திறந்துவிடும் நாள்வரை.

பவர் வால்வின் தகடு செம்பழுப்பாக ஒளிர்கிறது

வால்வின் நடுவில் தெரியும் இழையின் ஆரஞ்சு ஒளி இயல்பு. வெளித்தகடு சிவப்பது இயல்பல்ல. ஆம்பை அணைத்து, அட்டெனுவேட்டரைக் கழற்றி, ஸ்பீக்கரை நேரடியாக இணைத்து, வாசிக்காமல் இயக்கிப் பாருங்கள். அப்போதும் சிவந்தால் பயஸோ (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு), வால்வோ, அதன் கப்ளிங் கண்டன்சரோ பழுது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அட்டெனுவேட்டருடன் வாசிக்கும்போது மட்டும் சிவந்தால் இம்பீடன்ஸ் பொருத்தத்தை மறுபடி பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், ஆம்ப் முழுதாகத் திருகப்பட்டு வெகுநேரம் ஓடுகிறது என்று பொருள். அறையில் சத்தம் குறைந்திருப்பதால் வால்வுகள் ஓய்வெடுப்பதாகத் தோன்றும். அவற்றுக்கோ முழு மேடைக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. குமிழை 10-லிருந்து 7-க்கு இறக்கினால் கரகரப்பில் பெரும்பாலும் எதுவும் குறையாது, வால்வின் ஆயுளோ நீளும். அப்படியே ஓட்டப் போகிறீர்கள் என்றால் பொருத்தமான ஒரு ஜோடி வால்வையும் சரியான மதிப்புள்ள ஃபியூஸ் இரண்டையும் கையிருப்பில் வைத்திருங்கள். ஃபியூஸ் போகும்போது அதைவிடப் பெரியதைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.